நாலு வரி

"உங்க பொண்ணு வீட்டுப்பாடத்தை நெட்ல இருந்து அப்படியே காப்பி அடிச்சிருக்கா. சொந்தமா நாலு வரி எழுதத் துப்பில்லை!" என்றார் ஆங்கில ஆசிரியர்.

லாரி ஓட்டுநரான அப்பா, தலைகுனிந்து நின்ற மகளைப் பார்த்தார். "இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க சார்."

"முடியாது. ஒரு வாரம் வகுப்புக்கு வரக் கூடாது. இந்தக் கடிதத்துல எல்லாம் விவரமா எழுதியிருக்கேன். இங்கிலீஷ், உங்களுக்கு எங்கே புரியப்போகுது? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகள் தினமும் சொல்லிக்கொடுத்தபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பேனாவைத் திருப்பி நீட்டினார்.

"காப்பி அடிச்சது என் பொண்ணு இல்லையே சார். 'மாணவர் பெயரை இங்கே நிரப்பவும்'ங்கிற யாரோ ஒருத்தர் காப்பி அடிச்சதாத்தான் இதுல போட்டிருக்கு. கீழே ஒரு வெப்சைட் பேரு வேற இருக்கு."

ஆசிரியர் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நீ வகுப்புக்குப் போம்மா. சாருக்குச் சொந்தமா நாலு வரி எழுதுற வேலை இருக்கு."