காப்பர் வேண்டாம்மா

மூன்றாவது முறையாக வாட்ச்மேன் கேட் அருகே வழிமறித்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

அவள் நெட்வொர்க் ஒயரிங் காண்ட்ராக்டர். அந்த அச்சகத்தின் ஆபீசையும் பின்னால் இருக்கிற குடோனையும் ஒயர் போட்டு இணைக்க வேண்டும். பழைய காப்பர் ஒயரை, செம்பு நல்ல விலைக்குப் போகும் என்று, ஒரு லீவு நாளில் எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான்.

அளந்து பார்த்தாள். தூரம் குறைவு, காப்பரே தாராளமாகப் போதும். ஃபைபர் என்றால் கண்ணாடி இழை. இரண்டு முனையிலும் தனியாகப் பெட்டி வைக்க வேண்டும், செலவு கூடும். மானேஜரும் காப்பருக்குச் சரி என்றுவிட்டார்.

ஒத்துக்கொள்ளாதவர் வாட்ச்மேன் ஒருவர்தான்.

முதல் நாள், ஃபைபர்தான் வேகம் என்றார். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். மறுநாள், காப்பரை எலி கடித்துவிடும் என்றார். எலிக்குக் காப்பர் என்ன, கண்ணாடி என்ன என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அதோடு விட்டாரா? மானேஜர் காதிலும் போய் ஓதியிருக்கிறார். மானேஜர் குழம்பிப்போய், எதற்கும் ஃபைபருக்கும் ஒரு கொட்டேஷன் கொடுங்கள் என்றார். தலையில் அடித்துக்கொண்டு அதையும் போட்டுக் கொடுத்தாள். இரண்டையும் புரட்டிப் பார்த்தவர், எதுவானாலும் சரி, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று கழன்றுகொண்டார்.

இது கமிஷன் விவகாரம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஃபைபர் விற்கிற எவனோ இந்த மனிதரைக் கையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்போது மறுபடியும் வந்து நிற்கிறார்.

"காப்பர் சுருள் நாளைக்குக் காலையில வந்துடும்ணே. இனிமே இதைப் பத்திப் பேசாதீங்க," என்றாள்.

"காப்பர் வேண்டாம்மா."

"கண்ணாடின்னா எவனும் திருட மாட்டான், நீங்க நிம்மதியாத் தூங்கலாம். அதானே?"

அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். ஆனாலும், "அப்படியே வெச்சுக்கோங்க," என்றார்.

அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"கவலையே படாதீங்க. கேமராவும் வைக்கப் போறோம். இந்தத் தடவை வந்தான்னா மூஞ்சி பளிச்சுன்னு தெரியும். நேரா போலீஸ்தான்."

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நுழைந்த லாரி தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"போன தடவை வந்தது எங்க மாப்பிள்ளைம்மா."

அவள் அவர் பக்கமாக நெருங்கி வந்தாள்.

"நான் டியூட்டியில இல்லாத நாளாப் பார்த்து வந்திருக்கார். எல்லாம் குடி. என் பொண்ணுதான் அழுதுகிட்டே வந்து சொன்னா. இப்போ கொஞ்ச நாளா அதைத் தொடறதில்லை. ஒழுங்கா லோடு வண்டி ஓட்டறார். பண்டல் ஏத்த இங்கேயும் வந்து போறார். அவர் கண்ணு முன்னால செம்பு தொங்க வேண்டாம்மா."

அவள் ரோட்டுக்கு வந்தாள். கடைக்குப் போன் போட்டு, காப்பர் சுருளை அனுப்ப வேண்டாம், ஃபைபர் அனுப்புங்கள் என்றாள். அளவு எடுத்ததில் ஏதாவது தப்பா என்று கடைக்காரர் கேட்டார்.

"அளவெல்லாம் சரிதான். இந்த இடத்துக்குக் காப்பர் ஆகாது," என்றாள்.