துரைக்கு வைத்த சிங்கி இறால்

“மீனின் கண்ணைப் பார்த்தே அது எந்தக் கிழமை கடலைவிட்டுக் கிளம்பியதென்று சொல்லக்கூடியவன் சென்னை மாகாணத்திலேயே நான் ஒருவன்தான்!” என்றார் கொல்லிமலை பங்களாவின் புதுச் சமையல்காரர் சவரிராயன்.

“ஏனுங்க, ஓடை நண்டு வேணுமுங்களா?” என்று கூடையை இறக்கினாள் மலைக்காரி பாப்பாயி.

“கல்லைப் பொரட்டிப் புடிக்கிற பூச்சியைத் தின்னறவன் மனுசனா? போ, போ! போன வருஷம் இங்கே தின்ன கடல் சிங்கி இறாலுக்காகத்தான் துரை இன்னைக்கு மறுபடி வர்றாரு. அந்த ருசி இல்லேன்னா என் வேலை போயிடும்.”

மத்தியானம் கூலியாள் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து இறால் பெட்டியைச் சுமந்து வந்தான். கண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெட்டி வாசலுக்கு வருமுன்பே கிழமை தெரிந்துவிட்டது.

நண்டை வேறு வீட்டில் விற்றுவிட்டுத் திரும்பிய பாப்பாயியிடம் சவரிராயன் புலம்பினார்: “போன வருஷம் மட்டும் எப்படி நாறாம வந்துச்சு?”

“அப்பவும் நாறித்தானுங்க வந்துச்சு. பழைய சமையக்காரரு இறாலோட ஓட்டை மட்டும் கழுவி வேகவெச்சு, உள்ளே எங்க ஓடை நண்டுச் சதையை அடைச்சுட்டாருங்க. தொரை தட்டையே நக்கிப்போட்டாரு.”

துரையின் டோலி மலையேறிக்கொண்டிருந்தபோது, சவரிராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடையில் சத்தமில்லாமல் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்.