குரவைக்குள் ஒரு சொல்

அஸர் தொழுகை நேரத்துச் சாய்ந்த வெயில் வாவித் தண்ணீரில் பட்டுத் தெறித்து, கிடுகுச் சுவரின் ஓட்டைகளால் உள்ளே வந்து, ஸைனம்புவின் மடியில் ஆடுகிறது. அவள் உடுத்திருப்பது, போன வருடம் பிள்ளைப்பேற்றில் கண்மூடி மௌத்தாகிப்போன மூத்தவள் ராத்தாவின் கலியாணச் சேலை. அத்தர் வாசம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. ராத்தாவின் புருசன்தான் இப்போது திரைக்கு அப்பால் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் 'மச்சான், மச்சான்' என்று பின்னால் ஓடி, தொதல் இனிப்புக் கேட்டு அவள் அடம்பிடித்த மனிசன். திரை விலகுகிறது. சாட்சிகளோடு வந்த வாப்பா, அவளைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக் கேட்கிறார்: "மகள், ஒன்ன மச்சானுக்கு நிக்காஹ் முடிச்சுக் குடுக்கப் போறன். சம்மதமா புள்ள?" பக்கத்தில் உம்மாவின் தோளில் ராத்தாவின் பிள்ளை விரல் சூப்பிக்கொண்டு கிடக்கிறது. ஸைனம்புவின் கண் அந்த விரலிலேயே நின்றுவிடுகிறது. "குமருப்புள்ள வாயால சொல்லுமா? பேசாம இருந்தா ஓம் எண்டுதான்" என்கிறார் சாட்சி ஒருவர். உடனே பெண்கள் குரவை போடுகிறார்கள். அப்போதுதான் அவளுக்குக் குரல் வருகிறது. "வேணாம் வாப்பா" என்கிறாள். அவள் காதுக்கே அது கேட்கவில்லை. வாப்பா திரும்பி நடக்கிறார். உம்மா மட்டும் அவள் உதட்டைப் பார்த்துவிடுகிறாள். பார்த்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறந்திருக்கும் அந்த வாய்க்குள் ஒரு கற்கண்டுத் துண்டை வைக்கிறாள்.