அலமாரியில் ஒரு துணை

பூச்சிமருந்து அடிக்க வந்தவர், டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல் வாசல் நிலையைத் தட்டினார். பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

"கரையான்மா. சத்தமே காட்டாம வீட்டையே தின்னுடும்."

"தலைமாட்டு அலமாரிக்கும் வந்துடுச்சா, தம்பி?" வீட்டுக்கார அம்மாள் அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள்.

அலமாரியடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக்கிடந்தது. தொட்டுப் பார்த்தார்.

"இது வேற. மரத்தைத் துளைக்கிற வண்டு. ராத்திரியெல்லாம் கொறிச்சு உங்களைத் தூங்கவே விட்டிருக்காதே?"

கரையான் இல்லை என்றதும் அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அவர் மருந்து ஊசியை ஓட்டையருகே கொண்டுபோனதும் குறுக்கே வந்து நின்றாள்.

"அதை விட்டுடுங்க. கரையான் இங்க வந்துடக் கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"வண்டைக் காப்பாத்தவா?"

"அவர் போனப்புறம், ராத்திரி என்கூட முழிச்சிருக்கிறது அது ஒண்ணுதான், தம்பி."