வார்டில் சொல்லக் கூடாதது

"கயிறா காப்பாத்தப் போகுது? மூடநம்பிக்கையெல்லாம் வாசலோட விட்டுட்டு வரணும்!" தலைமை நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தாள்.

ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர் கயிறு கட்டிய மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், என் மாமியார் சாகறதுக்கு முன்னாடி இவருக்குக் கட்டிவிட்டது" என்று கெஞ்சினாள் அவர் மனைவி. "போன ஆபரேஷனப்போ கயிறு மேல பிளாஸ்திரி ஒட்டித்தான் உள்ளே கூட்டிட்டுப் போனாங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

ஒரே வெட்டு. கயிறு குப்பைக்கூடையில் விழுந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி என்ன வேலை? பாதிக் கட்டில் காலி. வார்டே அமைதியாத்தானே இருக்கு!"

தலைமை நர்ஸின் முகம் வெளிறியது.

"ஐயையோ, வாயைக் கழுவுங்க! டியூட்டி நேரத்துல அந்த வார்த்தையைச் சொல்லலாமா? வாயை மூடறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நிக்குமே!"

கத்தரிக்கோலைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஓடிப்போய், சொன்ன தோஷம் கழிய மர மேஜையை மூன்று தடவை தட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

மனைவி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"தள்ளிக்குங்க சிஸ்டர். அந்த மேஜையையும் வெட்டிக் குப்பையில போட்டுடறேன்."