காலி பஸ்

மணி மூன்று இருபது. திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு சரிந்து கீழே படுத்தது.

பேருந்து முன்பதிவு இணையதளம் விழுந்துவிட்டது.

அவள் சிரித்தாள்.

அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

விழுந்தது சோதனைக்கு வைத்திருந்த நகல். கணினி உருவாக்கிய பொய்ப் பயணிகள் ஒரே நேரத்தில் டிக்கெட் கேட்டு மொய்த்திருந்தார்கள். நிஜப் பயணிகள் நாளை மறுநாள் வருவார்கள். பொங்கல் முன்பதிவு.

போன பொங்கலுக்கு நிஜத் தளமே விழுந்தது. சரியாகச் சோதிக்கவில்லை என்று, அப்போது சோதனையைப் பார்த்த கோகிலவாணியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அப்படி அறிக்கை எழுதியவர் டீம் லீடர் மெய்யப்பன்.

அந்த நாற்காலியில் இப்போது இவள்.

நேற்று முன்தினம் இதே சோதனையில் தளம் விழாமல் நின்றது. மெய்யப்பன் கேக் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. சோதனை டேட்டாபேஸில் பேருக்குச் சில டிக்கெட்டுகள்தான் இருந்தன. நிஜத்தில் பல வருட டிக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அத்தனையையும் போட்டு நிரப்பித் தரச் சொன்னாள்.

கோகிலவாணியும் இதைத்தான் கேட்டிருந்தாள். மெய்யப்பன் கொடுக்கவில்லை.

பழைய டிக்கெட்டை வைத்து மியூசியம் நடத்தப்போகிறாயா என்று இவளிடமும் கேட்டார்.

"காலி பஸ்ஸ ஓட்டிப் பாத்துட்டு பிரேக் நல்லாருக்குங்கறீங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிரப்பித் தருகிறேன், விழாவிட்டால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்றார்.

விழுந்தது.

காரணம் சின்னது. ஓர் இருக்கை காலியா என்று பார்க்க, தளம் ஒவ்வொரு முறையும் மொத்தக் குவியலையும் புரட்டிக்கொண்டிருந்தது. தேதிவாரியாகத் தேட வழி செய்தார்கள். நிரலில் ஒரே வரி.

சோதனையை உடனே மறுபடி ஓட்டலாம் என்றார்கள். அவள் விடவில்லை. பொய்ப் பயணிகள் கலைத்துப் போட்டதையெல்லாம் துடைத்து, டேட்டாபேஸைப் பழையபடி நிறைத்து வைத்த பிறகே விசையைத் தட்டினாள்.

கோடு ஏறியது.

விழுந்த இடம் வந்தது.

தாண்டியது.

ஏறி, உச்சியில் நின்றது.

யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு எல்லா மேசைகளும் அதிர்ந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். மூன்று நாளில் இப்போதுதான் முதுகு சாய்ந்தது.

மெய்யப்பன் கேக்கோடு வந்தார். கத்தியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

போகவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோகிலவாணி நம்பர் உன்கிட்ட இருக்காம்மா?"