ஐந்து சொற்கள்

பதினொரு நாட்கள்.

தலையில் அடிபட்டு, பரிசோதனையிலும் தவறிவிட்டால் ரக்பி லீக் வீரர் அத்தனை நாட்கள் களத்தில் இறங்கக் கூடாது.

"அடிபட்டப்ப ஃபைனலுக்கு எத்தனை நாள் இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"எட்டு" என்றாள் டேரிலின் மனைவி லின்ட்ஸி. "ஆனா இவன்தான் பாஸ் பண்ணிட்டானே! பதினாலு வருஷம் முன்வரிசையில முட்டி மோதினவன், ஒரு ஃபைனல்கூட ஆடினதில்ல. அன்னிக்கு மட்டும் கோட்டை விட்டிருந்தா வீட்டுச் சுவரை முட்டி உடைச்சிருப்பான்."

டேரில் சிரித்தார். நூற்றுப் பத்து கிலோ உடம்பு அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பிதுங்கியது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. போன வாரம், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அவர் ஆட்டத்தை விட்டு நான்கு வருடமாகிறது.

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தலையில் அடிபட்ட அந்த அரையிறுதி நடந்தபோது நான் அவருடைய கிளப்பின் உதவி பிசியோ. படிப்பை முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அன்னிக்குக் கூட இருந்தவ நீதான். டாக்டர் ஏதாவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது கண்ணு" என்று சொல்லித்தான் லின்ட்ஸி என்னை லீட்ஸ் மருத்துவமனை வரை அழைத்து வந்திருந்தாள். நான்கு வருடமாக அவள் அனுப்பிய ஒரு கிறிஸ்துமஸ் அட்டைக்குக்கூட நான் பதில் போட்டதில்லை.

"குட்டி" என்றார் டேரில். "நீ இன்னும் வளரவே இல்லையா? உன்னைப் பந்துன்னு நெனச்சு எவனாவது தூக்கிட்டு ஓடிறப் போறான்."

அப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். என் பெயர் நினைவிருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் ஐந்து சொற்கள் சொன்னார். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் கழித்துக் கேட்பேன் என்றார். பிறகு பழைய காகிதங்களைப் புரட்டினார்.

"அரையிறுதியில தலை எதிராளியோட இடுப்புல மோதியிருக்கு. வெளியே கூட்டிட்டு வந்து இதே மாதிரி அஞ்சு சொல் சொல்லியிருக்காங்க. பத்து நிமிஷம் கழிச்சு அஞ்சையும் சரியா சொல்லியிருக்கார்."

"சொல்லிட்டு நேரா உள்ள ஓடி ரெண்டு பேரைச் சாய்ச்சான்" என்றாள் லின்ட்ஸி.

"அப்ப அது மூளை அதிர்வு இல்ல. ஃபைனல்ல விழுந்தது மட்டும்தான் பதிவுல இருக்கு."

ஃபைனலில் அவர் இருபத்திரண்டு நிமிடம் ஆடினார். தூக்கித்தான் கொண்டுவந்தோம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினாலு வருஷ மோதலும் ஒரு காரணம்தான். ஆனா ஞாபகம் இவ்வளவு வேகமா சரியறதுக்கு அது மட்டும் போதாதுன்னு தோணுது. குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி? ரத்தத்துலயே இருந்தா பிள்ளைங்களையும் பார்க்கணும்."

லின்ட்ஸி கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் திரையில் அவர்களுடைய இரண்டு மகள்களும் ஒரே குடைக்குள் நின்றிருப்பதை நான் வரும்போதே பார்த்திருந்தேன்.

"சரி, டேரில். நான் சொன்ன அஞ்சு சொல்?"

அவர் இடது கையைத் திருப்பினார். மணிக்கட்டின் உட்பக்கத்தைப் பார்த்தார்.

"வாளி. எலுமிச்சை. ஏணி. போர்வை. மணல்."

தடுமாற்றமே இல்லை.

"இதுல ஒண்ணுகூட நான் சொன்னது இல்லையே" என்றார் டாக்டர்.

"எப்பவும் இதையேதான் சொல்றான். பல் தேய்க்கும்போதுகூட" என்றாள் லின்ட்ஸி. "கடையில வாங்கச் சொல்றானாக்கும்னு ஒரு தடவை எலுமிச்சை வாங்கிட்டு வந்துட்டேன். கையைத் திருப்பி மணி வேற பாக்குறான், பாருங்க. வாட்ச் கட்டுறது என்னவோ வலது கையில."

சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அளவீட்டில் கை வைக்காதே. கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அதுதான்.

அன்று சோதனைத் தாள்களை அடுக்கி வைத்தது நான். களத்திலிருந்து உடைமாற்றும் அறைக்கு அவரைக் கூட்டி வந்ததும் நான். நடந்துகொண்டே, "குட்டி, ஒரே ஒரு ஃபைனல்" என்றார். ரத்தம் பட்டிருந்த மணிக்கட்டுப் பட்டையை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினேன். ஆட்டக்காரர்கள் அந்தப் பட்டையில் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொள்வது வழக்கம். அதனால் அதில் எழுத்து இருந்தால் யாரும் நின்று படிப்பதில்லை.

டேரில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"எப்படி குட்டி? அஞ்சும் சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

பிறகு எழுந்து நின்றேன். எதற்காக நின்றேன் என்று தெரியவில்லை.

"டாக்டர், அது அன்னிக்குக் கேட்ட அஞ்சு சொல். அவர் கைப்பட்டையில நான்தான் எழுதிக் கொடுத்தேன்."